அறுபத்து நான்கு வெறுங்கொக்கிகள்

"ஏண்டி, நீ இங்க இருக்கியா, இல்லியா?" என்று கூடத்தில் மூத்தவளான பெரியக்கா ஒருமுறை அவளிடம் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வராததால் வந்த கேள்வி. பெட்டி கட்டும் கூடமே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்தபடி சிரித்து வைத்தாள்.

அந்தக் கிடங்கில் அவளுக்கு டோக்கன்காரி என்றே பேர். மற்ற பிரிவுக்காரர்கள் வருகை அட்டையை இயந்திரத்தில் செருகிவிட்டு உள்ளே போவார்கள். பெட்டி கட்டும் பெண்களின் விரல்களிலோ எந்நேரமும் டேப்பின் பசை. அவர்கள் அட்டை போட்டுப் போட்டு இயந்திரம் தினமும் மக்கர் பண்ணியது. "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று ஒரு பலகையில் கொக்கிகள் அடித்து, பித்தளை டோக்கன்களை மாட்டி, வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒன்றை எடுத்துக்கொடுக்க அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அந்த 'இப்போதைக்கு' ஒரு வருஷமாகிவிட்டது.

ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, ஓட்டுநரான அவளுடைய மாமா கூப்பிட்டார்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து இந்த வண்டி ரத்தும்மா."

"ஏன் மாமா?"

"மாநில வேலைக் கணக்குல நம்ம பக்கம் கிடங்கு வேலை பாதியா விழுந்துடுச்சாம். ஆளில்லாத இடத்துக்கு வண்டி எதுக்குன்னு எழுதியிருக்காங்க."

கூட்டத்தில் நசுங்கி இறங்கிய பெரியக்கா, "அப்ப தினமும் பேயையா அண்ணே ஏத்திட்டு வர்றீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. வேறு பஸ் கிடையாது. நடந்தால் இரண்டு மணி நேரம். பஸ் நின்றால் வேலையும் நின்ற மாதிரிதான்.

டோக்கன் கொடுத்து முடித்ததும் கூடத்துச் சாவியை மாடியில் ஒப்படைக்க வேண்டும். அன்று அவள் போனபோது, பாதியாக விழுந்த கணக்கைச் சரிபார்க்க வந்த புள்ளியியல் அலுவலகத்து அதிகாரியம்மா கிடங்கு எழுத்தர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மாசாமாசம் எத்தனை பேருன்னு எப்படி எடுக்கறீங்க?"

"ரொம்ப சுலபம் மேடம். அட்டை வைக்கிற ரேக்கை எண்ணிப் போட்டுடுவேன். எழுபத்தொண்ணு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் கூடத்தில் இருப்பவர்கள்? வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திரும்பி ஒரே ஓட்டமாக இறங்கினாள். பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிவந்து, மேசையில் கிடந்த படிவங்களின் மேலேயே வைத்தாள்.

"என்னம்மா இது? இதுல ஒண்ணுமே இல்லையே?"

"ஆளுங்க மேடம்." குரல் நடுங்கியது. "வெறும் கொக்கி ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. டோக்கன் அவங்க கையில இருக்கு. அறுபத்திநாலு பேரு. ஒருத்தருக்கும் அட்டை கிடையாது."

எழுத்தரின் முகம் சிவந்தது. "ஒன்பதாம் கிளாஸத் தாண்டாதவ மேடம். அவளுக்கு என்ன கணக்கு தெரியும்?"

"தாண்டினவங்க எண்ணின லட்சணத்தைத்தான் பாத்தேனே" என்று அதிகாரியம்மா எழுந்தார்.

கூடத்தில் பெண்கள் டோக்கனை உயர்த்திக் காட்டினார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நடந்து அதிகாரியம்மா ஒவ்வொருவராக எண்ணினார்.

"அறுபத்திநாலு. சரியா இருக்கு."

"இல்ல மேடம்." இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. "டோக்கன் குடுக்கற எனக்கு டோக்கன் இல்ல. என்னையும் சேத்தா அறுபத்தஞ்சு."

"அடியம்மா, இவ பேசிட்டாடி!" என்று பெரியக்கா போட்ட கூச்சலில் சுமை தூக்குபவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதிகாரியம்மா படிவத்தில் எழுபத்தொன்றை அடித்துவிட்டு நூற்று முப்பத்தாறு என்று எழுதினார். ஒரு வருஷப் படிவங்களையும் திருத்தி அனுப்பச் சொல்லி எழுத்தரிடம் கையெழுத்து வாங்கினார்.

மாதக் கடைசியில் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பஸ் நிற்காது. நெரிசல் குறைய இன்னொரு வண்டியும் வரும்.

அதை அறிவிப்புப் பலகையில் குத்த எழுத்தரே கீழே இறங்கி வந்தார். கூடம் மொத்தமும் சூழ்ந்துகொண்டது. யாரோ டோக்கன்காரியைத் தூக்கிப் பெட்டிகளின் மேல் உட்காரவைத்தார்கள். கூச்சத்தில் காதுவரை சூடேறினாலும் அவள் இறங்கவில்லை.

"சார், கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்றாள் பெரியக்கா. "இங்க பேய்ங்களுக்கும் கேக்கணும்ல?"

சிரிப்பு கூரையில் மோதியது. எழுத்தர் நான்கு மூலைகளிலும் ஊசி குத்தினார். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார்.