கால்நடை மருத்துவர் வந்தால் வயலின் கேட்கும்

கால்நடை மருத்துவர் உடைந்த மூக்குக்கண்ணாடியோடு கடைக்குள் நுழைந்த செவ்வாய்க்கிழமை காலையில் எங்கிருந்தோ வயலின்கள் வாசிக்கத் தொடங்கின. மின்விசிறி ஓடவில்லை, சன்னல் சாத்தியிருந்தது; ஆனாலும் கண்ணாடிக் கடைக்காரியின் கூந்தல் பின்னால் பறந்தது. தெருவில் சைக்கிள்கள் தண்ணீருக்குள் போவதுபோல் மெதுவாகின. பால்காரர் கைதவறவிட்ட புட்டி தரைக்கு வர அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதால் அவரே குனிந்து பிடித்துக்கொண்டார். கண்ணாடியை வாங்கும்போது விரல்கள் பட்டன. மற்றதெல்லாம் மங்கி, மருத்துவரின் முகம் மட்டும் துலக்கமாகத் தெரிந்தது. அவள் முதலில் தன் பார்வையைத்தான் சந்தேகப்பட்டாள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படித்துப் பார்த்தாள். கடைசி வரி வரை சரியாகவே இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. “வயலினே வந்து சொல்லுது, உனக்கு என்னடி யோசனை?” என்றாள் அக்கா. அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு ஊதல்கூட ஊதியதில்லை. மருத்துவரும் குறை சொல்ல முடியாத மனிதர். இருவரும் சேர்ந்து வெளியே போனபோது மழை அவர்கள் மேல் மட்டும் பெய்தது. விழுந்ததை எடுக்கக் குனிந்தால் தலைகள் முட்டிக்கொண்டன. ஆனால் ஓயாத வாசிப்பில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. பிரசவத்தில் திணறிய ஒரு பசுவைப் பற்றி அவர் சொன்னார். அம்மாவை விசாரிக்கிறார் என்று நினைத்து, “போன வருஷம்தான் தவறிட்டாங்க” என்றாள் அவள். “கன்னு பொழச்சுக்கிச்சு” என்றார் அவர். ஆனாலும் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் தேதி குறித்தாயிற்று.

கடை இருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், கடைக்குள் வந்தால் எதுவும் வாசிக்காது, கிரீஸ் வாடைதான் வரும். கைகழுவத் தண்ணீர் கேட்பார், அப்படியே பேச்சு நீளும். அம்மா போனதை அவரிடம் சொன்ன அன்று அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “சத்தமா சிரிப்பாங்களா?” என்று கேட்டார். அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் அளவுக்குச் சிரிப்பாள் என்று சொல்லிவிட்டு, அம்மா இறந்த பிறகு முதன்முறையாக அவள் அழுதாள்.

ஒரு மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “வேற ஊருக்கு மாத்திட்டாங்க. சாயங்காலம் பஸ்.”

அவர் போன பிறகு அவள் தேய்த்த லென்ஸ் தப்பாக வந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு நேரே மருத்துவரிடம் போனாள். வயலின்கள் உச்சத்தில் இருந்தன. தொண்டை கிழியக் கத்தித்தான் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கும் காது வலிக்குதுங்க!” என்று பதிலுக்குக் கத்தினார்.

பஸ் நிலையத்துக்கு ஓடினாள். காற்று வரவில்லை, மழை வரவில்லை, ஒரு தந்திகூட முனகவில்லை. செருப்பு அறுந்தது, விலாவில் பிடித்துக்கொண்டது, யாரும் வழிவிடவில்லை. நகரத் தொடங்கியிருந்த பஸ்ஸின் படியில் தொற்றி ஏறினாள்.

“நானும் வர்றேன்” என்றாள், மூச்சு வாங்க.

மெக்கானிக் எழுந்து நின்றார். “கல்யாணம்?”

“வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“கடை?”

“கண்ணு தெரியாதவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.”

அவர் சன்னலோர இடத்தை அவளுக்கு விட்டார். பஸ்ஸில் யாரும் கைதட்டவில்லை. பின்னால் இருந்தவர் சன்னலைச் சாத்தச் சொன்னார்.

சில ஆண்டுகள் கழித்து இருவரும் திரும்பி வந்து அதே கடையைத் திறந்தார்கள். கால்நடை மருத்துவருக்கு வேறு இடத்தில் கண்ணாடி சரிப்படுவதில்லை. மனைவியோடு வருவார், வயலின்கள் தொடங்கும். அவர் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு புதுக் கண்ணாடிச் சட்டங்களைப் பார்ப்பாள். கடைக்காரியின் கூந்தல் பறக்கும். மெக்கானிக் ஒரு கையால் ரசீதுகள் பறக்காமல் அழுத்திக்கொண்டு, மறுகையால் அவள் முகத்தில் விழும் முடியை ஒதுக்கிவிடுவார். மருத்துவர் வாசலைத் தாண்டியதும் ஓசை அடங்கும், “ஆங், என்ன சொல்லிட்டிருந்தே?” என்று மெக்கானிக் கேட்பார். அவள் சொல்வாள்.