பின் சீட்டுக்கு அடியில்

பயிற்சி அதிகாரி தினமும் மாலையில் இரண்டு மதிப்பெண் தாள் எழுதுவார். ஒன்று நெட்டையனுக்கு, இன்னொன்று அவன் மனைவியின் தம்பிக்கு. பன்னிரண்டு வாரம் முடிந்ததும் கூடுதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு இந்தப் போலீஸ் ஸ்டேஷனிலேயே வேலை. மற்றவன் மலைமேல் இருக்கும் சோதனைச் சாவடிக்குப் போக வேண்டியதுதான். மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. நெட்டையனின் மகளுக்கு எட்டு மாதம். மச்சினனுக்கோ இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் மதிப்பெண் அவன் பக்கமே போய் விழுந்தது.

நெட்டையன் ஒரு வரி எழுதுவதற்குள் மச்சினன் ஒரு பக்கம் முடித்துவிடுவான். அவன் வயர்லெஸ்ஸில் பேசினால் அதிகாரி தலையாட்டுவார். நெட்டையன் பேசினால் காதைக் குடைவார். வீட்டிலாவது நிம்மதி உண்டா? "என் தம்பிக்கு ஒரு தடவ சொன்னாப் போதும், கப்புனு புடிச்சுக்குவான்" என்பாள் மனைவி, சோறு போட்டுக்கொண்டே. அந்தச் சோறு முள்ளாக இறங்கும்.

பிடிபட்ட ஆளை ஏற்றும் முன் ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்; முன்னால் ஏற்றிய ஆள் எதையாவது ஒளித்துவிட்டுப் போயிருப்பான். அதிகாரி சில நாள் அங்கே எதையாவது ஒளித்து வைத்துச் சோதிப்பார். பார்க்காமல் விட்டவனுக்கு அன்று முட்டை.

ஒன்பதாம் வாரம் ஒரு காலையில், ஜீப்பைத் துடைத்த நெட்டையன் அங்கே ஒரு பிளேடு கிடப்பதைப் பார்த்தான். ஒரு முனையில் துணி சுற்றியிருந்தது. இன்றைக்குப் பரீட்சை, அதுவும் ஆள் ஏற்றுவது மச்சினன் முறை! தொடாமல் கதவைச் சாத்தினான்.

மதியம் கடைத்தெருவில் ஒரு ஜேப்படிக்காரன் சிக்கினான். கூட்டம் நெருக்கியது. மச்சினன் விலங்கை மாட்டினான், ஆளை உள்ளே தள்ளினான், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அடியில் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நெட்டையன் பக்கத்துச் சீட்டில் இருந்த அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டு தெரு தாண்டியும் அதிகாரி வாயைத் திறக்கவில்லை. இவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார்," என்று கிசுகிசுத்தான், "மச்சான் அடியில பாக்கலை."

"இன்னிக்கு நான் எதுவும் வைக்கலையேப்பா."

நெட்டையனின் கால் பிரேக்கை மிதித்தது. கண்ணாடியில் ஜேப்படிக்காரன் குனிந்திருந்தான். நெட்டையன் குதித்து ஓடிப் பின் கதவைத் திறந்து, மச்சினனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். பிளேடு சட்டைக் கையைக் கிழித்ததோடு போயிற்று. அதிகாரி அந்த ஆளின் மணிக்கட்டை முறுக்கிப் பிளேடைப் பிடுங்கினார்.

"மாமா, இன்னிக்கு நீங்க இல்லேன்னா நான் இல்ல" என்றான் மச்சினன், மூச்சு வாங்க.

"அத எப்போ பாத்தே?" என்றார் அதிகாரி, நெட்டையனிடம்.

'இப்பத்தான்' என்ற சொல் நுனி நாக்கில் நின்றது. அதைச் சொன்னால் ஸ்டேஷன் இவனுக்கு. மச்சினனின் கிழிந்த சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையிலயே சார். நீங்க வச்சதுன்னு நெனச்சேன். இவன் மாட்டட்டும்னு விட்டுட்டேன்."

மச்சினன் கிழிந்த சட்டைக் கையை மடித்துவிட்டான். பிறகு அதிகாரியிடம் திரும்பினான். "மலைக்கு நானே போறேன் சார். பாப்பா சின்னப் புள்ள. அக்கா அழுதா என்னால பாக்க முடியாது."

அதிகாரி அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அதே தலையாட்டல். நெட்டையனுக்கு உச்சி வரை எரிந்தது.

"இவன் போடுற பிச்சை எனக்கு வேணாம் சார். நான் போறேன் மலைக்கு. எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் பேனாவை மூடியபோதுதான் நெட்டையனுக்கு மகள் ஞாபகமே வந்தது.