சுஷ்மா கொண்டாந்த தண்ணி

எங்க வீட்டுக்காரரு சகாயராஜுக்குப் பணிவு ஜாஸ்தி. அந்தப் பாழாப்போன பணிவால ஒரு பச்சப்புள்ளையோட ஞானஸ்நானமே நிக்கப் பாத்துச்சு.

புள்ள சுஷ்மா பெத்தது. அவளும் புருஷன் ரோஹித்தும் ஜார்க்கண்டுக்காரங்க, வேடசந்தூர் ரோட்டு நூல் மில்லுல வேலை. ஞாயித்துக்கிழமை நம்ம கோயில் பூசைக்கு வருவாங்க, கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு யார்கிட்டயும் பேசாமப் போயிருவாங்க. ஞானஸ்நானத்துல புள்ளைக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பனா யாராச்சும் நிக்கணுமே, இங்க அவங்களுக்கு யாரு இருக்கா? சாமியார் கேட்டதும், நாங்க நிக்கிறோம்னுட்டோம். எங்களுக்குப் புள்ள குட்டி கிடையாது. அன்னைக்கு எனக்குத் தலைகால் புரியல.

மொதல்ல புள்ளையப் பாத்துட்டு வருவோம்னு மில்லு லைன் வீட்டுக்குப் போனோம். வாசல்ல பலகை போட்டு உக்கார வச்சாங்க. சுஷ்மா ஒரு செம்புத் தண்ணியும் தாம்பாளமும் கொண்டாந்து இவரு கால்கிட்ட குனிஞ்சா. நமக்குக் கால் கழுவுறதுன்னா ஈஸ்டருக்கு முந்துன பெரிய வியாழன் பூசையிலதான், அதுவும் சாமியார்தான் கழுவுவாரு. இவரு தேள் கொட்டுனாப்புல காலை இழுத்துக்கிட்டாரு. "ஐயையோ, நான் என்ன பிஷப் ஆண்டவரா? வேணாந்தாயி!"

அவ செம்போட அப்படியே நின்னா. டீயக் குடிச்சிட்டு வந்துட்டோம்.

மறுநா சாமியார் கூப்பிட்டாரு. "இன்னாசியம்மா, என்ன நடந்துச்சு? ஞானஸ்நானத்த ஊர்ல வச்சுக்கிறோம்னு ரோஹித் சொல்லிட்டானே?"

நேரா மில்லு கேட்டுக்கே போயிட்டேன். "ஏப்பா ரோஹித்து, நாங்க என்ன குத்தம் பண்ணுனோம்?"

அவன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "எங்க ஊர்ல சொந்தம் வந்தா கால் கழுவும், அக்கா. கழுவுனா வீட்டு ஆளு. அண்ணன் இழுத்துட்டாரு. எங்க கைத்தண்ணி உங்களுக்கு ஆகாதுன்னு நினைச்சோம்."

அட கிறுக்குப்பயலே! மனுஷன் கூச்சத்துல இழுத்ததுக்கு இம்புட்டு அர்த்தமா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடிபிடின்னு பிடிச்சேன். கேட்டதும் மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாயந்தரமே கிளம்புனோம். லைன் வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் பாக்க, செருப்பைக் கழட்டிட்டு அவங்க வாசல்ல தரையிலயே உக்காந்து ரெண்டு காலையும் நீட்டிட்டாரு. "தாயி சுஷ்மா, தண்ணி கொண்டா."

அவ கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அசையல. சாமி, இந்தப் புள்ளை எனக்கு இல்லையான்னு நெனச்சேன்.

உள்ள போனா. செம்போட வந்தா. இவரு வெடிச்ச குதிகால நிதானமாத் தேச்சுக் கழுவி, துண்டால தொடச்சா. அடுத்து என் காலு. கூசத்தான் செஞ்சுச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நீட்டுனேன்.

முடிச்சதும் புள்ளையத் தூக்கியாந்து, ஒரு வார்த்தை கேக்காம என் மடியில போட்டா. "வர்ற ஞாயிறு, அக்கா"ன்னான் ரோஹித்து.

திரும்பிப் பாத்தா, இவரு இன்னும் காலை நீட்டிக்கிட்டே உக்காந்திருக்காரு.

"அதான் கழுவியாச்சுல்ல, மடக்கும்யா."

"இருடி"ன்னாரு. "செத்த நேரம் இருந்துக்கிறேன்."