உறை இறகு

முத்திருளன் சார் பாடம் நடத்த மாட்டார், வாசிப்பார். மஞ்சளேறிப்போன கைடை மடியில் வைத்துக்கொண்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட வாசிப்பார். மாலைக் கல்லூரியின் விலங்கியல் வகுப்பு மொத்தமும் தலை குனிந்து எழுதும்.

“கோலியாப்டெரா, அதாவது வண்டினம், காற்புள்ளி. கிரேக்க மொழியில் கடின இறகு என்று பொருள், முற்றுப்புள்ளி.”

பாலமுரளியும் எழுதினான். பகலில் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலுக்கு டைப் அடிப்பவன். காதில் விழுவதை விரல் எழுதிவிடும். ஆனால் அன்றைக்கு டியூப் லைட்டில் மோதி அவன் பெஞ்சில் ஒரு காண்டாமிருக வண்டு விழுந்தது. முதுகிலிருந்த கெட்டி ஓட்டை நகத்தால் தூக்கிப் பார்த்தான். அடியில் வெங்காயச் சருகு போல இன்னொரு இறகு மடிந்து கிடந்தது. பறப்பது இதை வைத்துத்தான். மேலே இருப்பது வெறும் மூடி. பிறகு எதற்குக் கடின இறகு என்று பெயர் வைத்தார்கள்?

கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

“வண்டுக்கு வக்காலத்து வாங்குறியோ? போன வருசம் வைவால கோட்டை விட்டவன்தானே நீ?” என்றார் சார். வகுப்பு சிரித்தது.

இந்த முறையும் தவறினால் டிகிரி கிடையாது, டைப்ரைட்டரே கதி. அரை நாள் லீவு போட்டு, நாகமலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, பல்கலைக்கழக நூலகத்தில் அகராதியைப் புரட்டினான். கோலியோஸ் என்றால் உறை, வாளுக்குப் போடுவது போல. டெரான் என்றால் இறகு. உறைக்குள் இறகு வைத்திருக்கும் பூச்சி என்று அரிஸ்டாட்டில் அன்றைக்கே சொல்லிவிட்டார். லின்னேயஸ் அதை எடுத்து இனத்துக்கே பெயராக்கினார். முத்திருளன் சார் தன் சர்வீஸில் ஒரு வண்டைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் பாலமுரளி இன்னும் இரண்டு அகராதிகளைப் பார்த்தான். தன்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“சார் சொன்னதையே சொல்லு மாப்ள. அரிஸ்டாட்டிலா வந்து பாஸ் போடப் போறாரு?” என்றான் பக்கத்து இருக்கை மன்சூர்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மையார் வந்திருந்தார். மன்சூர் உட்பட எல்லோரும் கடின இறகு என்றே ஒப்பித்தார்கள். பாலமுரளி தட்டிலிருந்த வண்டை எடுத்து ஓட்டைத் தூக்கிக் காட்டினான்.

“உறை இறகு மேடம். இது உறை. இது இறகு.”

“அப்பாடா! மத்தவங்க எல்லாம் ஒரே மாதிரி தப்பாச் சொல்றாங்க. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“நான்தான் மேடம்,” என்று பக்கத்தில் நின்ற முத்திருளன் சார் முந்திக்கொண்டார். “தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இந்தப் பயலுக மண்டையில ஏறுனாத்தானே?”

“அப்படியா தம்பி?”

அம்மையாரின் பேனா மார்க் தாளின் மேல் நின்றது. சாரின் கை அவன் தோளில் இருந்தது. அதே கைதான் இன்டர்னல் மார்க்கும் போட வேண்டும்.

“ஆமா மேடம்,” என்றான்.

அவன் பாஸ். மன்சூர் பெயில்.

“ஒரே ஒரு ஆமாதான். அம்புட்டுப் பேரையும் முட்டாளாக்கிட்டியே மாப்ள,” என்றான் மன்சூர். அதோடு பாலமுரளியின் பக்கத்து இருக்கையை விட்டும் மாறிக்கொண்டான்.

சான்றிதழ் வாங்கப் போன மாலையில், வராந்தாவில் சாரின் குரல் கேட்டது. புது வகுப்பு தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

“கோலியாப்டெரா என்றால் உறை இறகு, முற்றுப்புள்ளி. கடின இறகு என்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, முற்றுப்புள்ளி.”

பாலமுரளிக்குக் காறித் துப்பத் தோன்றியது. தொண்டை வரை வந்தது அங்கேயே நின்றது. சாரின் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அவன்தானே.