பிடிக்கு அடியில் இருந்த நிறம்

தொலைந்துபோன டிரம் செட் கிடைத்துவிட்டது என்று ஸிகி சொன்னபோது பெர்னடெட்டுக்குச் சந்தோஷம் வரவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் பாதி ஊர் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தது. அவளுடைய போல்கா நடன இசைக்குழுவில் அக்கார்டியன் வாசிக்கிறவன் ஸிகி. அவன் ரகசியம் பேசினால்கூட நாலு மேசைக்குக் கேட்கும்.

"பக்கத்து ஊர் ஹோபார்ட்ல ஒருத்தன் கராஜ்ல விக்க வெச்சிருக்கான். டான்ஃபோர்த் கம்பெனி செட்டு. அதே பச்சை, அதே மினுமினுப்பு. இந்த ஏரிக்கரை மொத்தத்துலயும் பச்சை டான்ஃபோர்த் உன் ஒருத்திகிட்டதானே இருந்துச்சு?"

"யார்கிட்ட வாங்கினானாம்?" என்றான் நார்பர்ட், அவள் புருஷன்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி ஒல்லியா ஒருத்தன் வேன்ல கொண்டாந்து போட்டுட்டுப் போனானாம். நம்ம ஊரு ஹெகவிஷ் ஆளுதான். கையெல்லாம் நடுங்கிச்சாம்..."

சொன்ன பிறகுதான் ஸிகிக்கு உறைத்தது. பாதி மீனை ஒரே வாயில் திணித்துக்கொண்டான். மேசைக் கோடியில் பெர்னடெட்டின் தம்பி செஸ்டர் உட்கார்ந்திருந்தான். தட்டிலிருந்த முட்டைக்கோஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை.

செஸ்டரும் அக்காளைப் போல இரும்பாலையில் வேலை பார்த்தவன்தான். சங்கிலி அறுந்து முதுகில் அடிபட்டது. வலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பெண்டாட்டி போனாள், வேலை போனது. அக்காள் வீட்டுச் சாவி மட்டும் அவன் பையில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தி, அந்த வருஷம்தான் பெர்னடெட்டின் வீட்டு நிலவறையிலிருந்து டிரம் செட் காணாமல் போனது. பூட்டு உடையவில்லை, கதவில் ஒரு கீறல்கூட இல்லை. "நான் எடுக்கல அக்கா, அம்மா கல்லறை மேல சத்தியம்" என்றான். நம்புகிறவர்கள் நம்பினார்கள். பெர்னடெட் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. இப்போது அவன் மாத்திரையை விட்டு மூன்று வருஷம். அவள் வீட்டு மாடியறையில் இருக்கிறான். கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நார்பர்ட் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அது நம்ம செட்டா இருந்துச்சுன்னா அவன் நம்ம வீட்ல இருக்க முடியாது பெர்னி. திருடினதுக்காகச் சொல்லல. அது வியாதி. மூணு வருஷமா நம்ம சோத்தத் தின்னுக்கிட்டே நம்ம மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொன்னான் பாரு, அதுக்கு."

நார்பர்ட் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, செஸ்டர் ஏற்கெனவே பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"நீ எங்கடா?"

"டிரம் தூக்க ஆள் வேணாமா?"

"உன் முதுக வெச்சுக்கிட்டா?"

"முதுகு கெடக்கு. வண்டிய எடு."

ஹோபார்ட் வரை அவளே ஓட்டினாள். பெர்னடெட் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவள். உருகின இரும்பு தளும்பும் தொட்டியை ஆட்கள் தலைக்கு மேலே கொண்டுபோகும்போதுகூட அவள் கை ஆடாது. இன்று ஸ்டீயரிங்கில் கை வியர்த்தது.

விற்கிறவன் பெயர் டுவெய்ன். பெரிய தொப்பை, தலையில் கால்பந்துக் குழுவின் தொப்பி. கராஜுக்குள் பழைய வாஷிங் மெஷின், பனிவண்டி, மூன்று காலோடு ஒரு மேசை. எல்லாவற்றுக்கும் நடுவே டியூப்லைட் வெளிச்சத்தில் டிரம் செட் நின்றது. பெரிய டிரம், அதன் தலையில் உட்காரும் சின்ன டிரம், தரையில் மூன்று காலில் நிற்பது, கைக்குக் கீழே வரும் ஸ்னேர். எல்லாம் பச்சை, ஈரத்தில் மின்னும் பாசி மாதிரி.

இதேதான்.

"சும்மா பாக்க வந்தீங்களா, வாங்கவே வந்தீங்களா?" என்றான் டுவெய்ன்.

"சும்மா பாக்க இந்தக் குளிர்ல வர நாங்க என்ன லூசா?" என்றான் செஸ்டர்.

பெர்னடெட் குனிந்து பெரிய டிரம்மின் மர வளையத்தைத் தடவினாள். அவளுடைய செட்டில் அந்த இடத்தில் தாளத்துக்குத் தட்டும் மாட்டுமணியை மாட்டிய கவ்வி கடித்த பள்ளம் ஒன்று இருக்கும். இங்கே வளையம் வழவழவென்று இருந்தது.

"வளையத்த மாத்திட்டேன் மேடம். பழசு விரிசல் விட்டிருந்துச்சு."

"பழைய வளையம் எங்க?"

"அடுப்புல."

உள்பக்கம் பார்த்தாள். பழைய மரத்துக்கு ஒரு வாடை உண்டு, கறை உண்டு. அவளுடைய டிரம்மில் டேப் ஒட்டிப் பிய்த்த தழும்பும் உண்டு. டுவெய்ன் உள்ளே முழுக்கச் சாம்பல் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான்.

"இதயும் ஏன் சார் பண்ணினீங்க?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான். நம்பரப் பாருங்களேன், அதுல இருக்கு விஷயம்." பக்கத்தில் பதித்திருந்த பித்தளை வில்லையைத் தட்டினான். "இந்த நம்பர்னா அறுபத்துநாலாம் வருஷத்துச் சரக்கு."

நம்பரை வைத்து வருஷம் சொல்கிறவர்கள் சந்தையில் நிறைய உண்டு. டான்ஃபோர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். வில்லைகள் ஒரு வாளியில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்து அடிப்பார்கள், அவ்வளவுதான். அதுவும் போக, தன் செட்டின் நம்பரை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. வாசிக்கிறவளுக்கு நம்பர் எதற்கு?

குச்சியை வாங்கி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். தோல் புதுசு. சத்தமும் புதுசாகத்தான் வந்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"எங்க மாமாவோடது மேடம். மொதல்லேருந்தே குடும்பத்துலதான் இருக்கு."

"எங்க ஆள்கிட்ட வேற சொன்னீங்களாமே. யாரோ ஒல்லியா ஒருத்தன்னு."

டுவெய்ன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "மாமாவும் ஒல்லிதான்."

இவன் வாயிலிருந்து உண்மை வராது என்பது தெரிந்துபோயிற்று. இப்படியே எழுந்து போய்விட்டால் என்ன? 'தெரியல, சொல்ல முடியல' என்று நார்பர்ட்டிடம் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் நாலாவது ஆளாக அந்தச் சந்தேகமும் உட்கார்ந்திருக்கும்.

"பிடியக் கழட்டிப் பாரு அக்கா" என்றான் செஸ்டர்.

அவள் அவனைப் பார்த்தாள். தோலை இழுத்து முடுக்கும் திருகுகளைத் தாங்குவதற்கு டிரம்மின் பக்கவாட்டில் இரும்புப் பிடிகள் இருக்கும். அவளுடைய செட்டில் எல்லாப் பிடியையும் ஒருமுறை கழற்றி மெருகு போட்டார்கள். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தவன் இவன்தான். அப்போது இவன் நன்றாக இருந்தான்.

"நம்மதுல பிடிக்கு அடியிலயும் பச்சைதான்" என்றான். "பொறந்ததே பச்சை. நீலமாப் பொறந்து பச்சையானது நெறைய உண்டு. நீதானே சொல்லிருக்கே?"

சொல்லியிருக்கிறாள். நடன ஹாலில் நாற்பது வருஷம் சிகரெட் புகை தின்றால் வெள்ளை டிரம் வெண்ணெய் நிறமாகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சைதானே. வெளிச்சமும் புகையும் புகாத இடம் பிடிக்கு அடி மட்டும்தான். அங்கே பச்சை இருந்தால் அவளுடையது. இந்தக் கரையில் பிறவிப் பச்சை வேறு கிடையாது.

"கழட்டக் கூடாது மேடம்! கம்பெனில முடுக்கினது அப்படியே இருக்கு" என்று டுவெய்ன் குறுக்கே வந்தான்.

"வளையத்த அடுப்புல போட்டவன்தானே நீ. தள்ளு" என்றான் செஸ்டர்.

சின்ன டிரம்மைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பெர்னடெட் தோலை எடுத்தாள், உள்ளே கையை விட்டாள். திருகின் தலையெல்லாம் பெயிண்ட் அப்பியிருந்தது. சுரண்டிச் சுரண்டித் திருப்பினாள். திருகு வந்தது, பிடி வரவில்லை. டிரம்மைச் சுற்றி ஒட்டிய வண்ண மேலுறையோடு ஒட்டிக் கிடந்தது. டிரம் லேசாக ஆடியது. செஸ்டரின் முட்டி நடுங்கித்தான் அது ஆடுகிறது என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கட்டை விரலால் நெம்பினாள். பிடி பெயர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நீலம்" என்றான் செஸ்டர். "அக்கா, நீலம்."

பிடியின் வடிவத்தில், பேனா மையைக் கொட்டின மாதிரி, அடர்ந்த நீலம்.

ஒன்றை வைத்து முடிவு கட்ட முடியாது. பெரிய டிரம்மில் ஒன்று, தரை டிரம்மில் ஒன்று, ஸ்னேரிலும் ஒன்று கழற்றினாள். எல்லாம் நீலம். கடைசிப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை.

டுவெய்ன் குனிந்து பார்த்தான். முகம் தொங்கிவிட்டது. "அப்போ இது பச்சை இல்லையா?"

"புகையில வெந்த நீலம் சார்."

"நீலம்னா எல்லார்கிட்டயும் இருக்குமே..."

"இருக்கும். அதுதான் அழகு."

திரும்பிப் பார்த்தபோது செஸ்டரைக் காணோம். வெளியே வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, அழுக்குப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.

"என்னடா? நீ எடுக்கலதானே, அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்திருக்கே?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"என்ன தெரியாது?"

"அந்த வருஷம் நான் என்ன பண்ணினேன்னே எனக்குத் தெரியாது. பாதி நாள் ஞாபகத்துலயே இல்ல. உன் டிரம்ம நான் வித்திருக்கலாம். அந்த ஒல்லி ஆளு நானா இருக்கலாம்."

"அம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணினியேடா, நாயே!"

"எடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சேன். நெனச்சதச் சத்தியம் பண்ணினேன். மூணு வருஷமா உன் வீட்டுப் படியேறும்போதெல்லாம், நான்தானோ, நான்தானோன்னு..."

"அப்புறம் எதுக்கு என்கூட வந்தே? பிடியக் கழட்டுன்னு வேற சொன்னே?"

"நானா இருந்தா அந்த எடத்துலயே தெரிஞ்சுக்கணும். வீட்ல உக்காந்துக்கிட்டு உன் வண்டிச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டிருக்க என்னால முடியல."

அவனை அறையத்தான் கை ஓங்கினாள். அது போய் அவன் தோளில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பலகை ஐஸாக இருந்தது.

அவளுடைய பச்சை செட் எங்கேயோ இருக்கிறது. அதை இவன் எடுத்தானா இல்லையா என்பது இன்றைக்கும் தெரியாது. அதை அவள் மறக்கவில்லை, அவ்வளவு ஏமாளி இல்லை. ஆனால் மூன்று வருஷமாக இவன் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவில்லை. பயத்தோடு சாப்பிட்டிருக்கிறான், பயத்தோடு தூங்கியிருக்கிறான். நேற்று ராத்திரியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. நன்றாக மூச்சு வந்தது. பசித்தது.

"என்னைக்காவது அந்தப் பச்சை கெடைச்சா?" என்றான்.

"கெடைச்சா ரெண்டு பேரும் போய்ப் பாப்போம். மூக்கத் தொடச்சுக்கோ."

உள்ளே போனாள். டுவெய்ன் விலையைத் தானே இறக்கியிருந்தான். இரவல் டிரம்மில் வாசித்து வாசித்து அவளுக்கு அலுத்துவிட்டது. செட் நல்ல செட். நாலும் ஒரே மாதிரி வெந்திருந்தன, ஒரே ஹாலில் சேர்ந்தே கிடந்திருக்கும். பேரம் பேசத் தோன்றவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் நார்பர்ட் எடுத்தான்.

"நம்மதா?"

"இல்ல. நீலம்."

"என்னது?"

"வேற யாரோடதோ நார்ப். நம்மது இல்ல."

மறுமுனையில் நீளமாக மூச்சு விடுகிற சத்தம். "அப்பாடா" என்றான். "காலைலேருந்து என்ன பண்றதுன்னு தெரியாம குப்பைத் தொட்டியக் கழுவிக்கிட்டிருக்கேன். அவன் மாடியறையப் பாக்கவே முடியல பெர்னி. இப்ப எங்க அவன்?"

"உன்கிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு அவனுக்கு. அவனே சொல்லட்டும். கத்தாமக் கேளு."

"கத்த மாட்டேன். என்ன பண்றான்னு கேட்டேன்."

அவள் கராஜ் வாசலை எட்டிப் பார்த்தாள். செஸ்டர் பெரிய டிரம்மைக் கட்டிப்பிடித்துத் தனியாகத் தூக்கி, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்துகொண்டிருந்தான்.

"மடத்தனம் பண்றான்" என்றாள். போனைப் பொத்தாமலே கத்தினாள். "டேய்! கீழ வைடா அத! நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்!"