படையலில் வைத்த சூயிங்கம்

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. என் பெண்டாட்டி மௌனிகாவோடு நான் போட்ட சண்டையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான். உடம்பு இளைக்க வேண்டுமென்று காலையிலிருந்தே சூயிங்கம் மெல்லுவாள். மென்றால் பசி அடங்குமாம். "சாப்புடுடி" என்றால், "பசிக்கலீங்க" என்பாள். கடைசியில் எலும்பும் தோலுமாகி, தென்னந்தோப்பில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அவள் போன பிறகு வந்த முதல் அமாவாசைக்குப் படையல் போட்டோம். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், காக்காய் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவோம். செத்தவருக்குப் பிடித்ததையும் வைப்பது வழக்கம். மௌனிகாவுக்குப் பிடித்தது வேறென்ன? ஓட்டின்மேல் வைத்த சோற்றுருண்டையில் ஒரு சூயிங்கத்தைப் பிரித்துச் செருகினேன்.

காக்காய் வந்தது. சோற்றைத் தொடவில்லை. சூயிங்கத்தை மட்டும் கொத்திக்கொண்டு போய் மதில்மேல் உட்கார்ந்தது. எடுத்துவிட்டதே, போதும் என்று மகள் அனுப்பிரியாவுக்கு இலை போட்டேன்.

"பசிக்கலீங்கப்பா."

மறுநாளும் அதே பேச்சு. அதற்கடுத்த நாளும் அதேதான். சித்தூர் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். பிள்ளைக்குப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. தினமும் மத்தியானம் அந்தக் காக்காய் மதிலுக்கு வந்து, கரையாமல், அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

என் அக்கா கருப்பாத்தாள் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கிறுக்கா! பசியக் கட்டறத யாராச்சும் படையல்ல வெப்பாங்களா? அவ சோத்தத் தொடாம இந்த ஊட்டுல புள்ளைக்கு எப்பிடிடா பசிக்கும்?"

மதிலடிக்கு ஓடினேன்.

"அடியே மௌனி! எம்மேல கோவம்னா என்னையக் கொல்லு. புள்ள சாகுதுடி! துப்புடி அத!"

கத்திக் கத்தி அழுதேன். காக்காய் தத்தித் தத்தி அருகே வந்து, நான் நீட்டிய கையில் அதைப் போட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. எறிந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளுமே என்று பயந்து, என் வாயில் போட்டுக்கொண்டேன். இப்போதுதான் பிரித்ததுபோல் இனித்தது.

அக்கா வைத்த சோற்றைக் காக்காய் அள்ளி அள்ளித் தின்றது. வீட்டுக்குள்ளிருந்து, "அப்பா, சோறு போடுங்க" என்று குரல் கேட்டது.

குழம்பு, தயிர் என்று அனுப்பிரியா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்தது. அன்றிலிருந்து வேளை தவறாமல் சாப்பிடுகிறாள், கன்னம்கூட உப்பிவிட்டது. வாயிலிருப்பதைத் துப்பிப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

"நீங்களும் உக்காருங்கப்பா" என்று இன்றைக்கும் ஒரு இலையை என் பக்கம் தள்ளினாள்.

"நீ சாப்புடு அம்மிணி. எனக்குப் பசிக்கல."