தொட்டிக்குள் ஏகநாதன் நகர்

என் வீட்டுக்காரர் ஏகநாதனுக்கு எதைப் பார்த்தாலும் மனையாகத்தான் தெரியும். கோவிலம்பாக்கத்தில் இருந்த எங்கள் கழனி முழுவதையும் கூறுபோட்டு விற்றாயிற்று. மிஞ்சியது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பள்ளக் கழனி ஒன்றுதான். மழை பிடித்தால் தை வரைக்கும் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். நெல்லைவிட மீன்தான் அதிகம் விளைந்த நிலம். அதிலும் சித்திரை வெயிலில் கல் நட்டு, ‘ஏகநாதன் நகர்’ என்று போர்டு வைத்தார். ஊரில் வேறு யாரும் அவர் பெயரை எதற்கும் வைக்கப்போவதில்லை, பாவம்.

அந்தத் தொண்ணூற்று நாலில், பல் பிடுங்கத் தாம்பரம் போனவர் டாக்டர் அறையில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டார். பல்வலி போய் தொட்டி வலி வந்தது. நம் ஆபீசுக்கும் ஒன்று வேண்டுமாம். ஆபீஸ் என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, அதில் சுழன்றுகொண்டிருக்க இவர்.

மேற்குத் தாம்பரத்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த அத்தாவுல்லா வந்தார். அவருக்குத் தன்னைப் பற்றிப் பெரிய நினைப்பு. ஒரு கல்லை வைப்பார், பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், திரும்ப வந்து அதே கல்லை ஒரு விரல் நகர்த்துவார். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் இவ்வளவு நேரம் ஜோடித்திருக்க மாட்டார்கள். ஆனால் முடித்தபோது அழகாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மணல் பின்னால் மேடாக ஏறி, முன்னால் சரிந்திருந்தது. பெரிய கல் நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடது பக்கமாக நின்றது. சின்னக் கற்கள் அதன் பக்கமாகச் சாய்ந்திருந்தன. பின்னால் நாடா நாடாவாகச் செடி, கல்லின் காலடியில் குட்டையான பச்சை, வலது பக்கம் வெறும் மணல். மீனில் ஒரே ஒரு ஜாதி. நீலக் கோடு மினுங்கும் பொடி மீன்கள்.

"இன்னா பாய், பாதி எடம் சும்மா கீது?" என்றார் இவர்.

"சும்மா வுட்டாத்தாண்ணே அழகு. மீன் ஓட எடம் வேணாமா?"

"எடத்த சும்மா வுடுறதுக்கு நான் இன்னா பைத்தியமா?"

அத்தாவுல்லா போன மறுநாளே இவர் பெரிய கல்லை வெளியே எடுத்துப் போட்டார். கருங்கல்லைச் சில்லு சில்லாக உடைக்கச் சொல்லி, சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயின்டில் நம்பர் எழுதி, தொட்டிக்குள் இரண்டு வரிசையாக நட்டார். நடுவில் ரோடு. செடிகளைப் பிடுங்கி மூலையில் சொருகி, அதுதான் பார்க் என்றார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கி, நீலக்கோட்டு மீன்கள் அத்தனையும் மல்லாந்து மிதந்தன. மீன் உயிருள்ளது என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. மனைக்கல் என்றால் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அது மட்டும்தான் ஏறியிருந்தது.

செய்தி கேட்டு வந்த அத்தாவுல்லா, "இத நான் வச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். செத்த மீனைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

கார்த்திகை பிறந்தது. நல்ல நாள் பார்த்துப் பதினாலாம் நம்பர் மனைக்கு முன்பணம் கொடுக்க ஸ்ரீரங்கனும் அவர் மனைவி காமுவும் வருவதாக இருந்தது. ஸ்ரீரங்கனுக்குத் தாம்பரம் தபால் ஆபீசில் வேலை. ஐப்பசி வந்தால் அவர்கள் வாடகை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார்களாம். தண்ணீர் ஏறாத ஒரு வீடு, அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக இத்தனை வருஷச் சேமிப்பையும் துடைத்து எடுத்துவருகிறார்கள். சித்திரையில், பூமி வெடித்துக் கிடந்தபோது மனையைப் பார்த்தார்கள். நிலம் வாங்குகிறவர்கள் மழையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தராத படிப்பு என்ன படிப்போ! இப்போது போய்ப் பார்க்கிறோம் என்றதற்கு, ரோடு வேலை நடக்கிறது, சேறு என்று இவர் தட்டிக் கழித்திருந்தார்.

வருகிறவர்களுக்குக் காலித் தொட்டியைக் காட்டுவதா? தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பு கரைந்து நம்பர் மட்டும் மிஞ்சிய அதே கற்களைத் திரும்ப நட்டார். மீனுக்கு மறுபடி செலவழிக்க மனசில்லை. எடுபிடி முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, "நம்ம நகர்ல செவப்பா எதுனா ஓடிகினு இருக்கும், புடிச்சிகினு வாடா" என்றார். முனிரத்தினம் சட்டி நிறையக் கொண்டுவந்தான்.

காமு வந்ததும் வராததுமாகத் தொட்டிக்கு முன் குனிந்துவிட்டாள். "ஏன்னா, இங்க பாருங்கோ! நம்ம பதினாலாம் நம்பர் கல்!"

"லேஅவுட் மாடல் சார்," என்றார் இவர், சுழன்றபடி. "பார்க்கு, ரோடு எல்லாம் அப்டியே கீது."

"இந்தச் சிவப்பு மீன் ரொம்ப அழகா இருக்கு. எங்க வாங்கினேள்?"

"சிங்கப்பூர்மா."

நான் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன். இவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஸ்ரீரங்கன் பையின் ஜிப்பைத் திறந்தார். காமு அவர் கையைப் பிடித்து, "மழையில தண்ணி நிக்காதே?" என்று இன்னொரு தரம் கேட்டாள்.

"சொட்டு நிக்காது. சந்தேகம்னா எங்க வூட்டம்மாவ கேளுங்க. அவ நாத்து நட்ட எடம். இன்னா ஜெயக்கொடி, சொல்லேன்!"

இவர் பொய்க்கு நான் சாட்சி. அதுவும் நான் நாற்று நட்ட கையைக் காட்டி.

"அது விரால் குஞ்சும்மா," என்றேன். "உங்க மனையிலதான் நேத்து புடிச்சாங்க."

காமுவுக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க மனையிலயா?"

"மாடல்னு சொன்னாரே, அது மட்டும் நெசம். உங்க பதினாலாம் நம்பர் கல்லு இங்க எப்படி நிக்குதோ, அங்கயும் அப்படித்தான் நிக்குது."

அவள் கண்ணாடியில் வைத்திருந்த விரலை எடுத்தாள். தண்ணீருக்கடியில் நின்ற அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்ரீரங்கனின் பையைத் தானே வாங்கி மூடி, "எழுந்திருங்கோ" என்றாள். காபியை யாரும் தொடவில்லை.

அவர்கள் படியிறங்கியதும் இவர் குதித்த குதிப்பைச் சொல்லி முடியாது. வாயில் வந்ததையெல்லாம் என்னைத் திட்டினார். திட்டி ஓய்ந்ததும் முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு கிராக்கி இதப் பாக்கக் கூடாது. மொதல்ல இந்தத் தண்ணிய எறச்சிக் கொட்டுடா!"

தொட்டித் தண்ணீரைத்தான் சொன்னார்.